உமாமி என்னும் ஒரு சொல்

சென்ற மாதம் நம் வீட்டில் ஒரு சிறு கலகம் மூண்டது. கலகத்துக்குக் காரணம் உப்பு.

நம் அத்தைக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறது. ரத்த அழுத்தம் சற்று மிகுந்திருப்பதாகக் கண்ட வைத்தியர், சாப்பாட்டில் உப்பைப் பாதியாகக் குறைத்துவிடும்படி கட்டளையிட்டுப் போனார். மறுநாள் முதல் அத்தையின் இலையில் ரசமும் குழம்பும் உப்புக் குறைந்தே விழுந்தன. அத்தை இரண்டு கவளம் உண்பாள். "எல்லாம் சப்பென்று இருக்கிறதம்மா" என்று நம் இல்லாளிடம் சொல்லுவாள். இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவாள். ஒரு வாரத்தில் ரத்த அழுத்தம் குறைந்ததோ இல்லையோ, அத்தை குறைந்து போனாள்.

இந்த நிலைமையில்தான் நாம் எங்கோ படித்திருந்த விஷயம் ஒன்று நினைவுக்கு வந்தது. "சாப்பாட்டில் உமாமி இருந்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாதாம்" என்று இல்லாளிடம் சொன்னோம். பேச்சு, கூடத்தில் சாய்வு நாற்காலியிலிருந்த அத்தையின் காதில் விழுந்துவிட்டது.

"எந்த உமா மாமி? வடக்கு வீதிக் கோடியாத்து உமா மாமியா? அவளுக்கு வற்றல் குழம்பே சரியாய் வைக்கத் தெரியாதே! அவளையா எனக்குச் சமைத்துப் போடக் கூப்பிடப் போகிறாய்?" என்றாள் அத்தை.

வீடு முழுவதும் சிரித்தது. ஆயினும் சற்று யோசித்துப் பார்த்தபோது, அத்தையின் கேள்வி சிரித்துத் தள்ளிவிடக் கூடியதன்று என்று தோன்றிற்று. எந்த உமாமி? அந்தச் சொல் எங்கே பிறந்தது? அதற்குப் பொருள் என்ன? அது நம் சமையலறைக்கு அந்நியமானதா, அல்லது பெயர் தெரியாமல் வெகு காலமாய் நம்மோடு குடியிருந்து வருவதா? அத்தைக்கு அன்று நாம் சொல்லிய பதிலையே நேயர்களுக்கும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

சொல்லின் குலமும் கோத்திரமும்

உமாமி என்பது ஜப்பானியச் சொல். அந்தப் பாஷையில் 'உமாய்' என்றால் ருசியாக இருக்கிறது என்று பொருள். நாம் 'இனி' என்னும் அடியிலிருந்து இனிப்பு என்றும், 'கச' என்னும் அடியிலிருந்து கசப்பு என்றும் பெயர் செய்துகொள்கிறோம் அல்லவா? ஜப்பானியர் 'மி' என்னும் விகுதியைச் சேர்த்து அவ்வாறே செய்துகொள்கிறார்கள். 'அமாய்' என்றால் தித்திப்பாயிருப்பது. 'அமாமி' என்றால் தித்திப்பு. 'நிகாய்' என்றால் கசப்பாயிருப்பது. 'நிகாமி' என்றால் கசப்பு. அதே இலக்கணப்படி 'உமாய்' என்பதிலிருந்து பிறந்தது 'உமாமி'.

'உமாய்' என்னும் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒருவன் நன்றாகப் பாடினாலும், அழகாக எழுதினாலும், கை தேர்ந்து ஒரு வேலையைச் செய்தாலும் அதையும் ஜப்பானியர் 'உமாய்' என்கிறார்கள். ருசிக்கும் திறமைக்கும் ஒரே சொல்! நம் வீடுகளில் நல்ல சமையலைப் புகழும்போது 'கைமணம்' என்று சொல்லுகிறோமே, அதை ஒருவாறு இதற்கு உறவு என்று கூறலாம். அதோடு நிற்கவில்லை. நல்ல லாபம் தரும் வியாபாரத்தையும் 'உமாமி உள்ள வியாபாரம்' என்று ஜப்பானியர் பேசுவதுண்டு. ஆக, இந்தச் சொல் பண்டிதர் பட்டறையில் அடித்துச் செய்ததன்று. அடுக்களையிலும் கடைத்தெருவிலும் ஜனங்களின் வாயில் புரண்டு வந்த சொல். அப்படிப்பட்ட சொல்லை எடுத்து ரசாயன சாஸ்திரத்தின் மேடையில் ஏற்றி வைத்தவர் ஒருவர். அவருடைய கதையைக் கேளுங்கள்.

ஒரு கிண்ணம் சாறும் ஒரு பேராசிரியரும்

இக்கெடா கிக்குனே என்பவர் 1864-ஆம் ஆண்டில் கியோட்டோ நகரத்தில் பிறந்தார். தோக்கியோ சர்வகலாசாலையில் ரசாயனம் பயின்றார். 1899-ஆம் ஆண்டில் ஜெர்மனிக்குச் சென்று, லைப்ஸிக் நகரில் புகழ்பெற்ற ரசாயன அறிஞர் ஓஸ்ட்வால்டிடம் மாணவராக இருந்தார். தாய்நாடு திரும்பும் வழியில் 1901-ஆம் ஆண்டில் சிறிது காலம் லண்டனில் தங்கினார். அங்கே அவர் குடியிருந்த வீட்டிலேயே மற்றொரு ஜப்பானியரும் குடியிருந்தார். அவர்தாம் பிற்காலத்தில் ஜப்பானின் மாபெரும் நாவலாசிரியர் என்று பெயரெடுத்த நட்சுமே சோசெகி. ரசாயனக்காரரும் இலக்கியக்காரரும் கலந்து பேசிய பேச்சுக்கள், இலக்கியக்காரருடைய சிந்தனையைக் கிளப்பிவிட்டன என்று சொல்லுவார்கள். ரசாயனக்காரருக்குச் சொல்லின்மேல் பற்று அந்நாளில்தான் ஏற்பட்டதோ என்னவோ, அதற்கு நம்மிடம் சாட்சியம் இல்லை.

ஐரோப்பாவில் இக்கெடாவின் மனத்தைத் தைத்த விஷயம் ஒன்று உண்டு. ஜெர்மானியர் ஊட்டமான உணவு உண்டு வாட்டசாட்டமாயிருந்தார்கள். தம் தேசத்து ஏழை எளியவர்களோ எளிய உணவையே உண்டு மெலிந்திருந்தார்கள். இந்தக் குறை அவரை விடாமல் உறுத்திக்கொண்டிருந்தது. அச்சமயம் ஜப்பானிய வைத்திய நிபுணர் ஒருவர், உணவில் ருசி இருந்தால் ஜீரணமும் நன்றாக நடக்கும் என்று எழுதியிருந்ததை அவர் படித்தார். விலையுயர்ந்த உணவை எல்லோருக்கும் கொடுக்க முடியாது. ஆனால் எளிய உணவை எல்லோருக்கும் ருசியுள்ளதாக்க முடியுமானால்? இந்த ஆசையே அவருடைய ஆராய்ச்சிக்கு வித்து.

ஜப்பானியச் சமையலுக்கு அஸ்திவாரம் 'தாஷி' என்னும் சாறு. 'கொம்பு' என்று ஒரு கடற்பாசி இருக்கிறது. வடக்கே ஹொக்கைடோ தீவின் குளிர்ந்த கடலில் விளைவது. அதை உலர்த்திப் பலகை போலாக்கி வைத்திருப்பார்கள். அந்தத் துண்டைத் தண்ணீரில் ஊற வைத்து, மெல்லச் சூடாக்கி, நீர் கொதிக்கப் போகும் தறுவாயில் எடுத்துவிட வேண்டும். கொதிக்க விட்டால் சாறு கெட்டுவிடும். நம் வீட்டு ரசமும் அப்படித்தானே? நுரை கூடி வரும்போது இறக்கத் தவறியவளை எந்த மாமியார் மன்னித்திருக்கிறாள்!

1907-ஆம் ஆண்டில், மனைவி வாங்கி வந்த நல்ல கொம்புக் கட்டு ஒன்று இக்கெடாவின் கவனத்தைக் கவர்ந்தது. இந்தச் சாற்றில் இருக்கும் ருசி என்ன? தித்திப்பு அல்ல, புளிப்பு அல்ல, உப்பு அல்ல, கசப்பும் அல்ல. ஆனால் நாவில் பரவி நிற்கிறது; தொண்டைக்குள் இறங்கிய பிறகும் நிலைக்கிறது. ஐரோப்பாவில் தாம் உண்ட தக்காளியிலும், பாலாடைக் கட்டியிலும், இறைச்சியிலும் இதே சாயல் இருந்ததே என்று அவருக்கு ஞாபகம் வந்தது.

கொம்புச் சாற்றைக் காய்ச்சி, அதிலிருந்து உப்பைப் பிரித்தார்; இனிப்புச் சத்தைப் பிரித்தார்; இன்னும் பலவற்றைப் பிரித்தார். கடைசியில் 1908-ஆம் ஆண்டில் சிறு சிறு படிகங்கள் கிடைத்தன. அது குளூட்டாமிக் அமிலம் என்று கண்டார். அந்தப் பொருள் உலகத்துக்குப் புதிதன்று. 1866-ஆம் ஆண்டிலேயே ரிட்ஹௌஸன் என்னும் ஜெர்மானியர் அதைக் கோதுமைப் பசையிலிருந்து எடுத்திருந்தார். ஆனால் அதன் உப்புக்களுக்கு இத்தகைய ருசி உண்டு என்பதையும், அந்த ருசி மற்ற நான்கில் எதிலும் சேராத தனி ருசி என்பதையும் கண்டவர் இக்கெடாதான்.

கண்டதற்குப் பெயர் வைக்க வேண்டுமல்லவா? அந்நாளில் சாஸ்திரம் என்றால் லத்தீனிலோ கிரேக்கத்திலோ பெயர் வைப்பதே மரியாதை. இக்கெடாவோ ஜெர்மனியில் படித்தவர். அவர் நினைத்திருந்தால் வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், தம் வீட்டுச் சமையலறையில் வழங்கிய சொல்லையே எடுத்து, "தற்போதைக்கு இதை உமாமி என்று அழைப்போம்" என்னும் பாவனையில், ஜப்பானிய மொழியிலேயே 1909-ஆம் ஆண்டில் கட்டுரை எழுதி வெளியிட்டார். தற்காலிகமாக வைத்த பெயர் நிரந்தரமாக நின்றுவிட்டது.

நாக்கு சொல்லியது, உலகம் நம்பவில்லை

இக்கெடாவின் வழியை அவர் நாட்டவர் தொடர்ந்தார்கள். 1913-ஆம் ஆண்டில் அவருடைய மாணவர் கொடாமா, உலர்ந்த சூரை மீனின் சாற்றில் இருக்கும் ருசிக்கு இனோசினிக் அமிலம் என்னும் வேறொரு பொருள் காரணம் என்று கண்டார். 1957-ஆம் ஆண்டில் குனினாகா என்பவர் குவானிலிக் அமிலம் என்னும் மூன்றாவது பொருளுக்கும் அந்த ருசி உண்டு என்று கண்டார். உலர்ந்த காளானில் அது மிகுதி. அதைவிட முக்கியமான ஓர் உண்மையையும் அவர் கண்டார். கடற்பாசியிலுள்ள பொருளும் மீனிலோ காளானிலோ உள்ள பொருளும் ஒன்று சேர்ந்தால், ருசி ஒன்றும் ஒன்றும் இரண்டாக நிற்பதில்லை. பல மடங்காகப் பெருகுகிறது. கொம்பையும் உலர்ந்த மீனையும் சேர்த்துச் சாறு வைத்த ஜப்பானியப் பாட்டிமாரும், மீனைத் தொடாமல் கொம்பையும் காளானையும் சேர்த்துச் சமைத்த புத்த பிக்ஷுக்களும் இந்தக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாகக் கையால் அறிந்திருந்தார்கள்.

இவ்வளவுக்கும் மேல்நாட்டுச் சாஸ்திர உலகம் தலையசைக்கவில்லை. சுவை நான்குதான், ஐந்தாவது ஒன்று கிடையாது, இது மற்றவற்றை எடுத்துக்காட்டும் பொருளேயன்றித் தனிச் சுவையன்று என்று பலர் வாதித்தார்கள். அவர்கள் சமையலில் அந்த ருசி இல்லாமலில்லை. எலும்பையும் இறைச்சியையும் மணிக்கணக்காகக் கொதிக்க வைத்து அவர்கள் இறக்கும் சாறு முழுவதும் அதுவே. ஆனால் அதற்கென்று தனிச் சொல் அவர்களிடம் இல்லை. சொல் இல்லாத பொருளை நாவில் வைத்துக்கொண்டே இல்லையென்று சாதித்தார்கள். மனிதனின் விசித்திரம் அது!

1985-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவில் இந்த ருசியைப் பற்றிய முதல் சர்வதேச மகாநாடு கூடிற்று. அப்போது முதல் உமாமி என்னும் சொல் சாஸ்திரச் சொல்லாக உலகமெங்கும் வழங்கலாயிற்று. பின்னர் 2000-ஆம் ஆண்டில் மயாமி சர்வகலாசாலையைச் சேர்ந்த நிருபா சௌதரி முதலிய ஆராய்ச்சியாளர், நாவின் சுவை அரும்புகளில் குளூட்டாமிக் உப்பை உணர்வதற்கென்று அமைந்த ஒரு வாயிலை வர்ணித்தார்கள். 2002-ஆம் ஆண்டில் வேறு ஆராய்ச்சியாளர் மற்றொரு வாயிலையும் கண்டார்கள். இக்கெடா 1936-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். அவர் கிண்ணத்தில் கண்டதை உலகம் ஒப்புக்கொள்வதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

ஒரு பொருள், இரண்டு பெயர்

இங்கே நேயர்களில் சிலர் முகத்தைச் சுளிப்பது நமக்குத் தெரிகிறது. "நீர் சொல்லுவது அஜினோமோட்டோ அல்லவா? அது விஷமாயிற்றே!" என்று அவர்கள் கேட்கக் கூடும்.

ஆம், அதுவேதான். இக்கெடா தாம் கண்டதைத் தூளாகச் செய்யும் முறைக்கு 1908-ஆம் ஆண்டில் உரிமைச் சாசனம் பெற்றார். சுசுகி சபுரோசுகே என்னும் வியாபாரி அதைச் செய்து 1909-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வைத்த பெயர் 'அஜி-நோ-மோட்டோ'. 'ருசியின் மூலம்' என்று பொருள். அந்த வியாபாரப் பெயர் தமிழ்நாட்டுக் கடைகளிலும் பொருளின் பெயராகவே நிலைத்துவிட்டது.

1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்த ஒரு வைத்தியர், சீனச் சாப்பாட்டு விடுதிகளில் உண்ட பிறகு தமக்குக் கழுத்து மரத்துப் போவதாகவும் படபடப்பு உண்டாவதாகவும் வைத்தியப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். காரணமாயிருக்கலாமென்று அவர் சந்தேகித்த பொருள்கள் பல. அவற்றுள் இந்த உப்பும் ஒன்று. மற்றவை மறக்கப்பட்டன, இதன் தலையில் மட்டும் பழி விழுந்தது. பிறகு நடந்த பரீட்சைகளில், உண்பவருக்கு எதை உண்கிறோம் என்று தெரியாதபடி மறைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வேறு உணவில்லாமல் வெறும் வயிற்றில் மிகுதியாகக் கொடுத்தபோது சிலருக்குச் சற்று நேரம் உபாதை தோன்றியதுண்டு. சாதாரணமாக உணவில் சேரும் அளவில் அந்த உபாதைகள் ஒழுங்காகத் திரும்பத் தோன்றவில்லை.

ஆனாலும் பழிச்சொல்லுக்கு ஆயுள் கெட்டி. இன்றைக்கும் அஜினோமோட்டோ என்றால் தாழ்ந்த குரலில் பேசுகிறவர்களே, உமாமி என்றால் கண்ணை விரிக்கிறார்கள். முன்னதைக் கண்டால் விலகி ஓடும் சீமான், பின்னதை உண்பதற்கு நட்சத்திர ஓட்டலில் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார். இரண்டுக்கும் மூலம் ஒரே மனிதர், ஒரே ஆண்டு, ஒரே கிண்ணம்! பெயர் செய்கிற மாயத்தை என்னவென்பது!

இதனால், நேயர்கள் நாளையே தூளை வாங்கிக் குழம்பில் கொட்டவேண்டும் என்பது நம் கட்சியன்று. சோம்பேறிச் சமையலை மறைப்பதற்குத் தூள் ஒரு திரையாகிவிடக் கூடாது. மேலும், அந்த ருசி நமக்குக் கடையிலிருந்துதான் வரவேண்டும் என்பதும் இல்லை. மனிதன் பிறந்தவுடன் சுவைக்கும் தாய்ப்பாலிலேயே அது இருக்கிறது. தாய்ப்பாலில் தனித்து நிற்கும் அமினோ அமிலங்களுள் குளூட்டாமிக் அமிலமே அதிகம். உமாமியின் முதல் கிண்ணத்தை நாம் ஒவ்வொருவரும் அம்மாவின் மடியிலேயே குடித்துவிட்டோம்.

நம் அடுக்களையில்

நம்மவர் சுவையை ஆறாக எண்ணினார்கள்: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு. இவற்றில் கார்ப்பு என்பது நாவின் சுவை அரும்புகளுக்கு உரியதன்று, சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளுக்கு உரியது என்று 1997-ஆம் ஆண்டில் டேவிட் ஜூலியஸ் என்பவரின் ஆராய்ச்சி காட்டிற்று. அந்த வழியில் செய்த பணிக்காக 2021-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. துவர்ப்பும் வாயைச் சுருக்கும் ஓர் ஊறுணர்ச்சியென்றே பெரும்பாலும் கருதுகிறார்கள். எவ்வாறாயினும் உமாமி நம் ஆறிலும் இல்லை. "எங்கள் முன்னோர் அறியாதது எது?" என்று மார் தட்டுவதற்கு இங்கே இடமில்லை.

ஆனால் பட்டியலில் இல்லையென்றால் பானையிலும் இல்லையென்று ஆகிவிடுமா? குளூட்டாமிக் அமிலம் புரதத்தோடு கட்டுண்டு கிடக்கும் வரையில் நாவுக்கு எட்டாது. பழுப்பதும், புளிப்பதும், உலர்ந்து முதிர்வதும் அந்தக் கட்டை அவிழ்க்கின்றன. தக்காளி பழுக்கப் பழுக்க அதில் இந்தச் சத்து ஏறுகிறது. காய்த் தக்காளி ரசத்துக்கும் பழுத்துச் சிவந்த தக்காளி ரசத்துக்கும் உள்ள வித்தியாசம் புளிப்பில் மட்டுமில்லை என்பது இதனால் விளங்கும்.

நம் கடற்கரையிலோ இதைவிட அதிசயம் ஒன்று இருக்கிறது. ஜப்பானியர் தாஷிச் சாற்றுக்கு உபயோகிப்பது சூரை மீன். அதை வேகவைத்து, புகையில் வாட்டி, கட்டை போல் இறுகும் வரையில் உலர்த்திப் பிறகு சீவி எடுக்கிறார்கள். மாலத் தீவுகளிலும், நம் லட்சத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த மினிக்காயிலும் அதே சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, கட்டை போல் இறுக உலர்த்துகிறார்கள். அதற்கு நாம் இட்டிருக்கும் பெயர் மாசி. பதினாலாம் நூற்றாண்டில் மாலத் தீவுகளில் தங்கியிருந்த யாத்திரிகர் இபின் பதூதா, அந்த மீன் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏற்றுமதியானதைக் குறித்து வைத்திருக்கிறார். தென்கோடிக் கடற்கரைத் தமிழரும் இலங்கைத் தமிழரும் மாசியை இடித்துச் சம்பலில் சேர்க்கிறார்கள். பொடியாக்கிக் குழம்பில் தூவுகிறார்கள். அது கறியாக உண்ணும் பொருளல்ல; ஒரு சிட்டிகை போட்டால் பானை முழுவதையும் தூக்கி நிறுத்தும் பொருள். கொடாமா 1913-ஆம் ஆண்டில் தோக்கியோவில் பிரித்தெடுத்த ரகசியம், ஒரு மீனவப் பெண்ணின் அஞ்சறைப் பெட்டிக்கு அருகே வெகு காலமாகத் தூங்கிக்கொண்டிருந்தது!

சொல் எங்கே?

பொருள் நம்மிடம் இருந்தது, கையும் இருந்தது. சொல் இருந்ததா?

இல்லாமைக்கு நம்மிடம் அருமையான சொல் உண்டு. அத்தை சொன்னாளே, 'சப்பென்று' என்று, அதுவேதான். புளி சரி, காரம் சரி, பெருங்காயம் சரி. இருந்தும் ஏதோ ஒன்று குறைகிறது என்னும்போது நம் வாயில் தானாக வருவது அந்தச் சொல். அந்த ஏதோ ஒன்று இருக்கும்போது சொல்வதற்கும் சில வீடுகளில் ஒரு சொல் வழங்குகிறது. ஜுரம் விட்டுப் படுக்கையிலிருந்து எழுந்தவர்கள், "நாக்குக்கு உணக்கையாக ஏதாவது கொடு" என்று கேட்பார்கள். அவர்கள் வேண்டுவது தித்திப்பன்று, வெறும் உப்புமன்று. நாவில் படிந்து, பசியை எழுப்பி, "இன்னும் ஒரு கவளம்" என்று சொல்ல வைப்பது எதுவோ அதை வேண்டுகிறார்கள். ஜப்பானியர் 'உமாய்' என்று மகிழும்போது மனத்தில் இருப்பதற்கு இது மிகவும் சமீபத்தில் நிற்கிறது.

இக்கெடாவின் கதையிலிருந்து நாம் கற்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. நம் மொழியில் சாஸ்திரச் சொற்கள் வேண்டும் என்னும் ஆர்வம் நமக்குப் புதிதன்று. 1916-ஆம் ஆண்டிலேயே சேலத்தில் ராஜாஜி முதலியோர் அதற்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். பிற்பாடு ராஜாஜி திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் ரசாயனத்தைத் தமிழில் எழுதிக் காட்டினார். ஆனால் நம்மில் பலர் சொல் வேண்டுமென்றவுடன் அகராதியைத் தூக்குகிறார்களேயன்றி அடுக்களைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. உழவனுக்கும், கொல்லனுக்கும், சமைப்பவளுக்கும் தத்தம் தொழிலின் நுட்பங்களைச் சொல்லச் சொற்கள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு எழுதி, கௌரவப்படுத்தி, 'இனி இதற்கு இதுவே பெயர்' என்று துணிந்து நிறுத்த வேண்டியது படித்தவர் கடமை. இக்கெடா செய்தது அதுதான். ரசாயனம் என்னும் பெயருக்குள்ளேயே ரசம் இருக்கிறதை மறந்துவிட்டு ரசாயனம் படித்து என்ன பயன்?

அதற்காக உமாமி என்னும் சொல்லை நாம் நாடு கடத்தவேண்டும் என்பதில்லை. அது கௌரவமான விருந்தாளி. கண்டவர் வைத்த பெயர். உலகம் ஏற்றுக்கொண்ட பெயர். சாஸ்திர நூலில் அது இருக்கட்டும். வீட்டில் உணக்கை இருக்கட்டும். குழந்தைகளுக்கு ஆறு சுவைகளைச் சொல்லிக் கொடுக்கும்போது, "இவற்றோடு இன்னும் ஒன்று உண்டு, அதை ஒரு ஜப்பானியர் தம் வீட்டுச் சாற்றில் கண்டுபிடித்தார், நம் வீட்டு ரசத்திலும் அது இருக்கிறது" என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

அத்தையின் விஷயம் என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்பார்கள். சாதாரண உப்பில் நூற்றுக்கு 39 பங்கு சோடியம். குளூட்டாமிக் உப்பிலோ 12 பங்குதான். உமாமி நிறைந்த உணவில் உப்பைக் குறைத்தாலும் ருசி அவ்வளவாகக் குன்றுவதில்லை என்று பரீட்சைகள் காட்டுகின்றன. இதையெல்லாம் சொல்லி வைத்தியரிடமும் கேட்டுக்கொண்டோம். தூள் வாங்கவில்லை. உலர்ந்த காளானைப் பற்றிப் பிரஸ்தாபித்தோம், "நாய்க்குடையையா எனக்குப் போடப் போகிறாய்?" என்று அத்தை அதற்கும் தடை விதித்துவிட்டாள். மீதியிருந்தது தக்காளி. நன்றாகப் பழுத்ததாய், வழக்கத்தைப்போல் மூன்று பங்கு எடுத்து, நிதானமாக வதக்கிச் சுண்ட வைத்து, பருப்பு நீர் விட்டு, உப்பைப் பாதியாகவே போட்டு, நுரை கூடியதும் இறக்கினாள் இல்லாள்.

அத்தை ஒரு வாய் உறிஞ்சினாள். பேசவில்லை. மறுபடி கையை நீட்டினாள். ரசம் மூன்று முறை விழுந்தது. கை கழுவிவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டபின் நம்மைப் பார்த்து, "நாக்குக்கு உணக்கையாகத்தான் இருக்கிறது. போனால் போகிறது, அந்த உமா மாமி கெட்டிக்காரிதான்" என்றாள்.